பிரேக்குல கை வச்சா சாமி குத்தமா?

"ஏசியில கை வை, ஆடியோவுல கை வை, பிரேக்குல மட்டும் கை வைக்காதே. உயிர் சமாச்சாரம்." கார் இருக்கும் வீட்டில் எல்லாம் இதைச் சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். சொல்லிவிட்டு, பிரேக் ஆயில் மாற்றி ஆறு வருஷம் ஆன காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்புவார். உயிர் சமாச்சாரமாம்!

முன்சக்கர பிரேக் பேட் மாற்றுவது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்று, கேலிப்பர் போல்ட்டைக் கழற்று, பழைய பேடை எடு, பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளு, புதுசை மாட்டு. ஒர்க்ஷாப்பில் இதைச் செய்கிற பையனும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான். அவனுக்கு வருவது இன்ஜினியரிங் படித்தவனுக்கு வராதாம். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கேலிப்பர் நகரும் பின்னைத் துடைத்து கிரீஸ் வைத்தார்களா, பழைய பேடில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி இருந்தது என்பதெல்லாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓனருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் செய்கிறவனுக்கு அது கண்முன்னே தெரியும்.

சரி, பேடை விடுங்கள். உண்மையான அநியாயம் நடப்பது பிரேக் ஆயிலில்.

டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவது ஊர் வழக்கம். அளவு ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் உள்ள இடத்தை ஆயில் நிரப்பும். டப்பாவில் அளவு இறங்கும். அதாவது "பேடைப் பார்" என்று கார் சொல்கிறது. இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டுக்குமே ஊற்றுவது வைத்தியம் இல்லை. சொன்ன வாயை அடைப்பதுதான் அது. பிறகு புது பேட் போட்டு பிஸ்டனைத் தள்ளும்போது அதிகப்படி ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டையும் தின்னும்.

அதைவிட மோசம் தண்ணீர். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளவை. டாட் 4 புதுசாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 இருந்தால் போதும் என்பது தர விதி. டாட் 3க்கு 205, 140. சமதரையில் இது தெரியாது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால்தான் தெரியும். சூடு ஏறி ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் நேராகத் தரைக்குப் போகும். கொடுமை என்னவென்றால், வண்டி ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிடும். மறுநாள் காட்டினால் "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று பல கார்களின் கையேட்டில் அச்சடித்தே கொடுக்கிறார்கள். படிப்பவர் யார்?

அதற்காக வீட்டு வீரர்கள் எல்லாம் யோக்கியர்கள் இல்லை. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடுவது, கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடுவது, போன வருஷம் திறந்து வைத்த பாட்டிலைக் காசு மிச்சம் என்று ஊற்றுவது, பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவது... எல்லாம் நடக்கிறது. பேட் மாற்றிய கையோடு, பெடல் இறுகும் வரை பத்து தடவை மிதிக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் பிரேக். டாட் 5 சிலிக்கான் வகை. 4க்கு அடுத்தது 5 என்று வாங்கிக் கலப்பது வடிகட்டின முட்டாள்தனம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் ஏர் எடுக்க முடியாது. பின்சக்கரத்தில் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் பிஸ்டனைச் சும்மா தள்ளவும் கூடாது. இதற்கெல்லாம் ஒர்க்ஷாப் போகத்தான் வேண்டும். போய், கண்முன்னே புது பாட்டிலைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை சித்தப்பா ஊட்டிக்குக் கிளம்பும்போது ஆயில் மாற்றி எத்தனை வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். பானெட்டைத் திறந்து டப்பாவைக் காட்டி, "லெவல் கரெக்டா இருக்கேடா!" என்பார்.