குழப்படி பிள்ளையா, குறுகிய காம்பராவா?

“தோட்டத்துப் பிள்ளைகள் சரியான குழப்படி. தாய் தகப்பனுக்கு வளர்க்கத் தெரியாது.” பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் நமது தாய்மார் கேட்டுச் சலித்த பேச்சு இது. இப்படிப் பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: அந்தப் பிள்ளை எந்த இடத்தில் வளர்கிறது?

வெள்ளைக்காரன் காலத்து லயன் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. தொழிலாளியை மலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கத்தான் அதைக் கட்டினார்கள். பிள்ளை வளர்ப்பதற்கு அல்ல. இன்று அதே காம்பராவில் பாட்டி, தாய் தகப்பன், கல்யாணம் முடித்த மகன், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை படுத்து எழும்புகிறது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணித்தியால உறக்கம் தேவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். லயத்தில் அது எப்படிக் கிடைக்கும்? ஒருவர் டிவி பார்க்கிறார், ஒருவர் இருமுகிறார். பக்கத்துக் காம்பராச் சண்டை சுவரைத் தாண்டி வருகிறது. விடிய முன் அம்மா எழும்பி அடுப்பு மூட்டினால் புகையோடு பிள்ளையும் எழும்புகிறது. உறக்கம் போதாத பிள்ளை சிணுங்கும், அடம்பிடிக்கும், அடிக்கும். அது கெட்ட குணமல்ல, களைப்பு.

தாயின் நிலையையும் பாருங்கள். பெரட்டுக்குப் பிந்தக்கூடாது, கொழுந்து நிறை குறையக்கூடாது, குறைந்தால் அரைப் பேர். அந்திக்கு வந்தால் தண்ணீர், விறகு, சமையல். ஐந்து நிமிடம் தனியாக உட்கார அவளுக்கு ஒரு மூலை கிடையாது. ஆத்திரம் வந்தால் விலகிப் போக இன்னொரு அறையும் இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளும் உள்ளேயே அடைபடுகிறார்கள். ஓடினால் ஏச்சு, சத்தம் போட்டால் அடி. அடி வாங்கிய பிள்ளை இன்னும் முரண்டுபிடிக்கும். தாய்க்கு இன்னும் ஆத்திரம் வரும். இந்த வட்டத்துக்குள் அன்பான பெற்றோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

“நாங்களும் லயத்தில்தானே வளர்ந்தோம்” என்று சிலர் கேட்கலாம். வளர்ந்தோம், உண்மைதான். ஆனால் எத்தனை பேர் படிக்க இடமில்லாமல் பாடசாலையை விட்டோம்? நாம் தாங்கிக்கொண்டது, பிள்ளைகளும் தாங்க வேண்டும் என்பதற்கு நியாயமாகாது.

வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளைகள் படுக்கும் நேரத்தில் டிவியை நிறுத்தலாம். அந்தி வேலையில் ஆண்கள் பாதியை எடுக்கலாம். குடித்துவிட்டு அந்தச் சிறிய காம்பராவில் சத்தம் போடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். பிள்ளைக்கு ஓடி ஒளிய அங்கே இடமில்லை. ஆனால் சுவரைத் தள்ளி வைக்கத் தாய் தகப்பனால் முடியாது. அது தோட்ட நிர்வாகத்தினதும் அரசாங்கத்தினதும் பொறுப்பு.

7 பேர்ச்சஸ் காணி என்றார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்றார். 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தில்தான்.

ஆகவே சம்பளம் பேசும் மேசையில் வீட்டையும் வைக்க வேண்டும். தனிப் படுக்கையறையுள்ள வீடு, அதற்கு உறுதிப்பத்திரம், குடும்பம் பெருகினால் அறை கூட்டிக்கட்டும் உரிமை. வீடு வரும்வரை ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைகள் ஓடியாட ஓர் இடமும், தாய் வேலை முடிந்து வரும்வரை திறந்திருக்கும் பிள்ளை மடுவமும் வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தாய்மாரே எழுந்து இதைக் கேளுங்கள். எந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று லயம் லயமாக எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கை நிர்வாகத்தின் முன் வைப்போம்.