ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் போதுமா?

காலையில் பொனற்றைத் திறந்து, ரேடியேற்றருக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காரை எடுப்பது எங்கள் ஊரில் பலருக்குப் பழகிப்போய்விட்டது. "பழைய எஞ்சின், கொஞ்சம் தண்ணி குடிக்கும்" என்பார்கள். எந்த எஞ்சினும் தண்ணீர் குடிப்பதில்லை. மூடிய சுற்றில் ஓடும் நீர் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. தினமும் ஊற்றுவது அந்தக் கசிவை மறைக்கத்தான் உதவும்.

யாழ்ப்பாணத்துக்குப் பழைய கார் புதிதல்ல. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் தொண்ணூறுகளின் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயிலும் ஓடின. 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திறந்தும், விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டவில்லை. இருக்கிற காரைத்தான் நாங்கள் காப்பாற்ற வேண்டும்.

குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதை வீட்டில் பார்க்கிறோம். அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடித்தால் சூடு வெளியேறாது. "இங்கே தண்ணீர் உறையும் குளிரா, கூலன்ற் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு: கூலன்ற் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் அது நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கும் ஆடு பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஓஸ், கிளிப், வோட்டர் பம்பின் அடி ஆகியவற்றில் ஈரமோ காய்ந்த கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ரேடியேற்றர் மூடி. பிரஷர் குக்கர் போல அது அமுக்கத்தைப் பிடித்து வைத்துத்தான் நீரைக் கொதிக்காமல் காக்கிறது. அதன் ரப்பர் கெட்டால் நீர் வெளியேறிவிடும். வெளியில் கசிவே தெரியாமல் நீர் குறைகிறதா? சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகை, பால்தேத்தண்ணி நிறத்தில் எஞ்சின் ஒயில், ரேடியேற்றரில் குமிழி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகியுங்கள். உடனே கராஜுக்குக் கொண்டுபோய் அமுக்கம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். காஸ்கட் மாற்றும் செலவோடு முடிவது, தள்ளிப்போட்டால் ஹெட் வளைந்து பெரிய செலவாகிவிடும்.

சூடு காட்டும் முள்ளை மட்டும் நம்பவும் முடியாது. நீர் மிகவும் குறைந்து சென்சரைத் தொடாமல் போனால், எஞ்சின் கொதித்தாலும் முள் இறங்கியே நிற்கலாம்.

பெருநாளுக்குப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு புத்தளம் போகிற குடும்பங்கள் எங்களுக்குள் நிறைய. சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி இரவில் கார் கொதித்தால் கராஜ் கிடைப்பது லேசில்லை. அப்படி நேர்ந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சின் வெடிக்கலாம்.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே காரைக் காட்டிவிடுங்கள். பழைய கார் வைத்திருக்கும் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.