சுற்றுவழியில் போவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது

‘ரெண்டு நாள் பைக்ல கோவளம் போறோம்ணா. நீங்களும் வாங்க. ஆனா குரூப்ல போட்டுறாதீங்க.’

போனில் இப்படிச் சொன்ன தம்பி எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு வாரம் தவறாமல் வருகிறவர். எதற்காக மறைக்க வேண்டும் என்று கேட்டேன். ‘ஊர்ல இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது உங்களுக்கு டூர் கேக்குதான்னு கேப்பாங்கண்ணா’ என்றார்.

கேட்பார்கள்தான். நானே சில வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியை வேறொரு பையனிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தலித் இளைஞன் சாலையில் இறங்கினால் அது ஆர்ப்பாட்டமாகவோ ஊர்வலமாகவோ வேலை தேடிப் போவதாகவோதான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? மலையைப் பார்க்க, கடலைப் பார்க்க, எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதற்கு நமக்கு உரிமை இல்லையா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அந்தப் பயணத்தில் நாங்குநேரி பக்கம் நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியதும்கூட.

திருநெல்வேலியிலிருந்து விடிகாலையில் நான்கு பேர், இரண்டு பைக். நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்தினோம். நாற்கர சாலையிலேயே போனால் வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி என்று நேராக நாகர்கோவில் போய்விடலாம். அதை விட்டு வலப்பக்கம் திரும்பினால் களக்காடு. அங்கிருந்து திருக்குறுங்குடி வழியாக மலையடிவாரத்திலேயே போகலாம். வாழைத்தோப்பு, குளம், மயில், கூடவே வரும் மேற்குத்தொடர்ச்சி மலை. நேரம் கூடுதலாகும். ஆனால் அழகான வழி.

‘அந்த வழியா போவோம்’ என்று சொன்னவர் எங்களோடு வந்த இன்னொரு நண்பர். தலித் அல்லாதவர், நல்ல தோழர், சாதி ஒழிப்பில் சந்தேகமே இல்லாதவர். நம் தம்பி மட்டும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, ‘மெயின் ரோட்லயே போயிருவோமே’ என்றார்.

‘ஏன்டா, நல்லா இருக்கும்டா.’

‘இல்லடா, லேட்டாயிரும்.’

லேட்டாவது காரணமில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும். அவருடைய வண்டியின் பெட்ரோல் டேங்கில் நீல நிறத்தில் அம்பேத்கர் ஸ்டிக்கர். 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியது இதே நாங்குநேரியில்தான். அதன் பிறகுதான் அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டது, அறிக்கையும் 2024-ல் வந்தது. அந்த ஊரில் நின்றுகொண்டு தெரியாத கிராமங்கள் வழியாகப் போகலாமா என்று கேட்டால், ஒருவருக்கு மலை தெரிகிறது, இன்னொருவருக்கு வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரின் பேருந்து நிறுத்தமும் தெரிகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள், கொடிக்கம்பத்தின் நிறம், ‘தம்பிக்கு எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?’ என்ற அந்தக் கேள்வி. கூகுள் மேப்பில் இதெல்லாம் வராது.

சுற்றுவழி என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் வேறு பொருள் உண்டு. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள் என்பதால் வயல்வரப்பில் சுற்றிப் போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவர் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும் வரை அந்த மக்களைச் சுற்றிப் போக வைத்தது. சுடுகாட்டுக்குப் பிணத்தைக்கூடச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று இன்றும் மறிக்கிறார்கள். 2019-ல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கிய வீடியோவை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்படிக் கட்டாயத்தால் சுற்றிப் போனவர்களின் பிள்ளை, ஆசைக்காகச் சுற்றிப் போவதற்கு யோசிப்பதில் என்ன ஆச்சரியம்?

அண்ணல் அம்பேத்கரும் டூர் போயிருக்கிறார், தோழர்களே. 1934-ல். தன்னோடு வேலை செய்த ஏறக்குறைய முப்பது பேரோடு வெரூள் குகைகளைப் பார்க்க, அதாவது எல்லோராவுக்கு, பஸ்ஸில். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் அவரே எழுதியிருக்கிறார். வழியில் தொல்லை வரக்கூடாது என்பதற்காகத் தாங்கள் யார் என்று வெளியே சொல்லாமலே போவது என்று முடிவெடுத்துப் போனார்கள். வட்டமேசை மாநாடுகளில் பேசிவிட்டு வந்தவர், காந்தியோடு பூனா ஒப்பந்தத்தில் மோதியவர், ஒரு குகையைப் பார்க்க அடையாளத்தை மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகிற வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். ரம்ஜான் மாதம். வாசலில் நீர் நிறைந்த ஒரு குளம். பயணத் தூசி போக சிலர் முகம் கைகால் கழுவினார்கள். அவ்வளவுதான். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பெரியவர் கத்திக்கொண்டு ஓடிவர, கூட்டம் கூடிவிட்டது. இதைத்தான் உங்கள் மதம் சொல்லிக்கொடுக்கிறதா என்று அண்ணல் திருப்பிக் கேட்ட பிறகுதான் அடங்கினார்கள். உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயையும் கூட அனுப்பித்தான் கோட்டையைக் காட்டினார்கள்.

அந்த நூலை நாம் தீண்டாமையின் சாட்சியமாக மட்டுமே வாசிக்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அவர் போனார். சிறுவனாக 1901-ல் கோரேகாவுக்குப் போகும்போது வண்டிக்காரன் ஓட்ட மறுத்து, இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே ஓட்டிப்போய், இரவெல்லாம் தண்ணீர் கிடைக்காமல் தவித்த அதே மனிதர், முப்பது வருடம் கழித்தும் ‘பழைய குகைகளைப் பார்க்க வேண்டும்’ என்று கிளம்பினார். ஊர் சுற்றுவது வெட்டிவேலை என்று அவர் நினைக்கவில்லை.

நாங்குநேரி டீக்கடைக்கு வருகிறேன். இதை அங்கே சொன்னேன். பிரசங்கமாக இல்லை, பன் தின்றுகொண்டே. பயப்படுவதில் கேவலம் எதுவும் இல்லை, அண்ணலே மறைத்துக்கொண்டு போனவர்தான் என்றேன். நம் தம்பி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு ஒரு பையை எடுத்து டேங்கின் மேல் கட்டினார். ஸ்டிக்கர் மறைந்தது. ‘சரி, களக்காடு வழியாவே போவோம்’ என்றார். இன்னொரு நண்பருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் மாறிவிட்டது. ‘என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடா’ என்றார். சொல்ல வேண்டியது அவனுடைய வேலையா, கேட்க வேண்டியது உன்னுடைய வேலையா என்று நான் அவரிடம் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

தலித் அல்லாத தோழர்களுக்கு இதை மட்டும் சொல்வேன். அழகான வழி எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அடுத்த முறை கூட்டாக வண்டி எடுக்கும்போது, ‘இந்த வழி உனக்கு ஓகேவா’ என்று முதலிலேயே தனியாகக் கேளுங்கள். தெரியாத ஊரில் நீங்கள் முன்னால் போங்கள். யாராவது நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘நான் சாதி பார்க்கிறதில்ல’ என்று பேசலாம்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. திருக்குறுங்குடி தாண்டி ஒரு குளக்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். இரண்டு மயில் பார்த்தோம். நடக்கவில்லை என்பதால் அந்தப் பயம் பொய்யாகிவிடாது.

மத்தியானம் களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி, பாலராமபுரம். கோவளத்துக்கு இடப்பக்கம் விழிஞ்ஞம் சாலையில் திரும்பினோம். அந்தச் சாலையில்தான் வெங்ஙானூர் இருக்கிறது, அய்யன்காளி பிறந்த ஊர். துறைமுகத்துக்கும் கடற்கரைக்கும் போகிற வண்டிகள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கின்றன.

1893-ல் அவர் செய்ததும் ஒரு சவாரிதான். புலையர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில், வெள்ளைக் காளைகள் பூட்டி மணி கட்டிய வில்லுவண்டியில், தலைப்பாகையும் மேல்துண்டுமாக உட்கார்ந்து போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். அதற்குப் பின் பாலராமபுரத்தில் சாலிய நெசவாளர் தெருவில் பெரிய மோதலே நடந்தது. வேலைக்காக அல்ல, சந்தைக்காக அல்ல, போக முடியும் என்று காட்டுவதற்காகவே போன பயணம் அது. நாகர்கோவிலும் 1956 வரை அதே திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின், சாலைகளில்தான் இருந்தது. ஆகவே அது நம் கதையும்தான். நூற்று முப்பது வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். ‘நீயெல்லாம் புல்லட் ஓட்டலாமா’ என்றுதான் வெட்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். வில்லுவண்டிக்குப் பதில் புல்லட்.

வெங்ஙானூரில் நிறுத்தி, ஒரு கடையில் நாரங்கா சோடா குடித்தோம். தம்பி டேங்கிலிருந்து பையைக் கழற்றினார். வெயிலில் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் பெயர்ந்து வந்திருந்தது. அதை நகத்தால் அழுத்தி ஒட்டிக்கொண்டே, ‘போட்டோ எடுங்கண்ணா, குரூப்ல போடலாம்’ என்றார். போட்டேன். எதிர்பார்த்த மாதிரியே ஒருவர் ‘டூரா தோழர்?’ என்று கேட்டிருந்தார். ஆமாம், டூர்தான்.

அடுத்து ஏழுமலை, உத்தப்புரம் வழியாகச் சதுரகிரி மலைப்பக்கம் போவதாகப் பேச்சு. வருகிறவர்கள் வண்டியைச் சர்வீஸ் விட்டு வையுங்கள். பெட்ரோல் காசை முதலிலேயே பிரித்துக்கொள்வோம், போன தடவை கணக்கில் சண்டை வந்துவிட்டது.

ஜெய்பீம்.