அன்னாசி யாருக்கு?

மல்லாங்கிணற்றுக் கரிசலிலே அன்னாசி விளையுமா என்று கேட்டால் ஏர் பிடித்தவன் சிரிப்பான். சிரிக்கட்டும். சிவகாசியிலே அச்சாகிற காலண்டரைப் பாருங்கள்: பழக்கூடை இருக்கிறது, கூடையின் நடுவிலே முடிசூடிய மன்னனாக அன்னாசி வீற்றிருக்கிறது. அந்தப் படத்தை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளுகிற தோழனின் வீட்டுக்குள் அந்தக் கனி ஆண்டுக்கு எத்தனை முறை நுழைகிறது? நாம் கேட்பது அதைத்தான்.

விளைச்சலைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். ஆண்டுக்கு 1000 முதல் 1500 மில்லிமீட்டர் மழை, புளிப்புத் தன்மையுள்ள மண், வேரிலே நீர் தேங்காத சரிவு — இவை அன்னாசிக்கு ஏற்றவை. நம் மாவட்டத்து மழை 800ஐச் சுற்றித்தான். கரிசலோ காரமண், பெய்தால் சேறு, காய்ந்தால் பிளவு. ஆகவே, "ஏக்கருக்கு இத்தனை இலட்சம்" என்று ஆசை காட்டிக் கன்று விற்க எவரேனும் வந்தால், மண்ணைச் சோதித்தீரா ஐயா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்பி வையுங்கள். வீட்டு முற்றத்திலே ஆசைக்கு ஒன்று வளர்க்கலாம். பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, இரண்டு நாள் உலரவிட்டு, ஓட்டையிட்ட டின்னில் செம்மண்ணும் மணலும் கலந்து நட்டு, உச்சி வெயில் படாமல் வைத்தால் பிழைக்கும். காய்க்க இரண்டாண்டு ஆகலாம்.

வேடிக்கையான செடி அது. பகலெல்லாம் இலையின் துளைகளை மூடிக்கொண்டு ஈரத்தைக் காக்கிறது. இரவிலேதான் திறந்து காற்றை உள்வாங்குகிறது. இரவு ஷிப்டு பார்க்கிற செடி! புகை பட்டால் காலத்துக்கு முன்பே பூக்கும் என்பதையும் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்துவிட்டனர். இன்று புகைக்குப் பதில் எத்திபான் மருந்தைக் குருத்திலே ஊற்றுகிறார்கள். தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் பழுக்கிறது.

வசதிதான். ஆனால், யாருக்கு வசதி? மாம்பழம்போல் பறித்த பின் இனிப்பேறும் பழமன்று இது. செடியில் ஏறிய இனிப்புதான் இனிப்பு. பழுத்தபின் காத்திருக்கவும் முடியாது. தோட்டமே ஒன்றாகப் பழுத்து நிற்க, லாரி வாசலில் நிற்க, விலை சொல்லுகிற வாய் எது என்று சொல்லவா வேண்டும்? கேரளத்து வாழக்குளம் அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை! 2020 ஊரடங்கின்போது லாரி ஓடவில்லை. அதே பெருமைக்குரிய பழம் தோட்டத்திலேயே அழுகியது.

நம் நாட்டுக் கொல்லிமலைக்கு வருவோம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மலையாளிப் பழங்குடியினர் மிளகோடும் பலாவோடும் அன்னாசியையும் விளைவிக்கிறார்கள். முள்ளிலை கீறிய கையோடு அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருபவருக்குக் கிடைப்பது ஒரு விலை. அதே பழத்தைச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பேருந்து நிலையத்திலே நாம் துண்டாக வாங்குவது வேறொரு விலை. துண்டு விற்கிற தள்ளுவண்டிக்காரரைக் குறை கூறோம், அவரும் நம்மவரே. நடுவிலே இருக்கிற படிகளைத்தான் எண்ணச் சொல்லுகிறோம்.

உலகத்தில் இந்தக் கனியை வைத்து அரசாண்டவர்களே உண்டு. ஹவாய்த் தீவின் அரசி லிலியுகலானி 1893இல் கவிழ்க்கப்பட்டாள். கவிழ்த்தவர்கள் அமைத்த ஆட்சிக்குத் தலைவரானவர் சான்போர்ட் டோல். அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் 1901இல் அன்னாசிக் கம்பெனி தொடங்கினார். 1922இல் லனாய் என்ற தீவையே ஏறக்குறைய முழுவதுமாக விலைக்கு வாங்கினார். அந்தத் தீவின் தொழிலாளர்கள் 1951இல் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஏறத்தாழ ஏழு மாதம் அசையாது நின்று, கூலி உயர்வு பெற்றார்கள். பிறகு கம்பெனிகள் கூலி மலிந்த நாடுகளைத் தேடிப் போயின. 1992இல் லனாயின் அன்னாசிச் சாகுபடியே முடிந்தது.

தோழர்களே, இனி நம் வீட்டுச் செய்தி. "கருவுற்றவள் அன்னாசியைத் தொடாதே, கரு கலைந்துவிடும்" — இந்தப் பேச்சைக் கேளாத வீடு நம் பக்கத்தில் உண்டா? சிலர் மணமான பெண்ணுக்கே தடை போட்டுவிடுகிறார்கள். பழத்தில் புரோமெலைன் என்ற பொருள் இருக்கிறது; புரதத்தை அரிப்பது அது. நிறையத் தின்றால் நாக்கு புண்ணாவதும் அதனால்தான். அதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்குவது வேறு. மருத்துவரைக் கேளாமல் கர்ப்பிணி அதைத் தொடக்கூடாது. ஆனால், பழுத்த பழத்தில் இரண்டு துண்டு தின்றதால் கரு கலைந்தது என்பதற்கு மருத்துவத்தில் சான்று இல்லை. சமைத்தால் புரோமெலைனும் செயலற்றுப் போகிறது.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்லுகிறோம்? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். விடியுமுன் சோறாக்கிவிட்டுக் கம்பெனிப் பேருந்தேறித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற நம் சகோதரிகள் இந்தக் கணக்குக்கு வெளியேயா இருக்கிறார்கள்? கம்பங்கூழிலும் கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. உடல் அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. உடன் வைட்டமின் சி சேர்ந்தால் எடுத்துக்கொள்வது கூடும். 100 கிராம் அன்னாசியில் அது 48 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கொய்யாவிலும் நெல்லியிலும் இதைவிட மிகுதி. அவை நம் மண்ணிலேயே விளைபவை. ஆகவே, அன்னாசி கிடைக்காவிட்டால் கொய்யா போதும். கிடைக்கிற நாளில், "நீ தொடாதே" என்று மனைவியைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை நம் பக்கம் இழுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? சர்க்கரை நோய் உள்ள தோழர்கள் அளவோடு நிறுத்துக. சாறாகக் குடிக்கவும் வேண்டாம்.

தரகரின்றி விளைவித்தவனே விற்க வேண்டும் என்றுதான் 1999 நவம்பர் 14 அன்று மதுரையிலே கலைஞர் ஆட்சி முதல் உழவர் சந்தையைத் திறந்தது. நம் மாவட்டத்து உழவர் சந்தைகளில் கொல்லிமலைக்காரருக்கு, பருவத்துக்கு மட்டுமாவது, ஒரு கடை ஒதுக்கினால் என்ன? வண்டிச் சத்தத்தை மாவட்ட நிர்வாகம் பொறுத்துக்கொள்ளட்டும். பழத்தை எடை போட்டு, விலையைப் பலகையில் எழுதட்டும். சம்பள நாளன்று சந்தை மாலையிலும் திறந்திருக்கட்டும். காலையில் திறந்து உச்சிக்குள் மூடினால், ஆலையிலிருந்து இருட்டிய பின் திரும்புகிறவள் எப்போது வாங்குவாள்?