குழல் இல்லாத உறவினர்கள்

செம்பருத்தியை நெடுக்காகக் கீறி, நடுவிலுள்ள குழலைக் காட்டித்தான் மால்வேசி குடும்பத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும். மகரந்தப்பைக்கு ஓர் அறைதான். மகரந்தத் துகளில் முள் முளைத்திருக்கும். வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி எதைப் பிரித்தாலும் இதே அமைப்புத்தான். அழகான அடையாளம், மறுக்கவில்லை. ஆனால் அதையே குடும்பத்தின் வேலியாக்கினால் நெருங்கிய சொந்தங்கள் பலவும் வெளியே நின்றுபோகும்.

சணலின் மகரந்தத்தாள்கள் தனித்தனியே நிற்பவை. அதனால் அதை டிலியேசியிலும், கொக்கோவை ஸ்டெர்குலியேசியிலும், இலவத்தைப் பலர் பாம்பகேசியிலும் வைத்தார்கள். 1998-இல் பூக்கும் தாவரங்களை மரபுவழி உறவின்படி வகைப்படுத்திய அறிஞர் குழு இவை எல்லாவற்றையும் மால்வேசியில் சேர்த்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வலம்புரிக்காய் பழைய முறையில் ஸ்டெர்குலியேசி; முள்நாறிப் பழமான துரியன் பாம்பகேசி. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் ஒரே துணைக்குடும்பம். துரியனுக்கு இலவத்தைவிட வலம்புரி நெருக்கம். பழைய வேலி சொந்தங்களுக்கு நடுவிலேயே ஓடியிருக்கிறது.

பார்வைக்கு ஒன்றுபோல் இல்லாதவற்றை மரபணுவை மட்டும் நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மரபணு மட்டும் சாட்சியில்லை. மொட்டில் புல்லி இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் தேன் சுரப்பது புல்லியின் உட்புற அடியில் நெருங்கி நிற்கும் நுண்மயிர்களிலிருந்து. இப்படிப்பட்ட தேன்சுரப்பி வேறு குடும்பங்களில் அரிது. இலையிலும் தண்டிலும் நட்சத்திரம்போல் கிளைத்த மயிர்கள், வெண்டையில் கையில் ஒட்டும் அந்தக் கொழகொழப்பு, சணலுக்கும் புளிச்சைக்கும் பொதுவான பட்டைநார் ஆகியவையும் உண்டு. பசலையும் கொழகொழக்கிறதே, ஆளியும் நார் தருகிறதே என்றால், அதுவும் உண்மைதான். தனியாக எந்தக் குணமும் உறவை நிறுவாது. பல குணங்கள் ஒருங்கே வரும்போதுதான் சாட்சி வலுக்கிறது.

நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட பெருங்குடும்பத்தை வைத்துக்கொண்டு வயலில் செடியை எப்படி அடையாளம் காண்பது என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதற்குத்தான் துணைக்குடும்பங்கள் இருக்கின்றன. செம்பருத்திக் குழலுக்கு அங்கே உரிய இடம் உண்டு. பெருங்குடும்ப உறவும் வயலில் உதவாமல் இல்லை: பருத்திக்காயைத் துளைக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி வெண்டையிலும் இலவத்திலும் பிழைக்கிறது. வரப்புச் செடியையும் ஓரத்து மரத்தையும் உறவு தெரிந்து பார்க்கும் விவசாயிக்கு, அடுத்த பருவத்துப் பூச்சி எங்கே ஒதுங்கியிருக்கும் என்று தேட ஓர் இடமாவது தெரியும்.