வாசியாது வைத்த கையொப்பம்

காணியொன்றை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் இந்நாட்டில் நொத்தாரிசு வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதித்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. உறுதி முடிக்க வருபவர் எழுத்தறியாதவரெனில், அதனை வாசித்துப் பொருள் விளக்கிய பின்னரே நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தலாம். இரண்டு பரப்புத் தோட்டக் காணிக்கு இத்தனை காவல்! ஆனால் ஒருவர் தமது கடிதப் பெட்டி முழுவதையும் ஒரு யந்திரத்தின் கையில் ஒப்படைப்பதற்கு இன்று வேண்டியது யாது? ஒரு விரல் போதும். 'அனுமதி' என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தாயிற்று. நொத்தாரிசுமில்லை, சாட்சியுமில்லை, வாசித்துக் காட்டுவாருமில்லை.

சென்ற மாதம் நமது அலுவலகத்தில் நிகழ்ந்த ஒன்றே இதனை எழுதத் தூண்டியது. நம்மிடம் தொழில் பயிலும் இளைஞர் ஒருவர், கெட்டிக்காரர், செயற்கை நுண்ணறிவு உரையாடல் உதவியாளன் ஒன்றை நமது மின்னஞ்சல் பெட்டியுடன் இணைத்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்து நின்றார். "இனி வழக்குத் தவணைகளை இதுவே தேடிச் சொல்லும், சேர்" என்றார். என்ன அதிகாரம் கேட்டது என்று வினவினோம். கடிதங்களை வாசிக்க, அனுப்ப, அழிக்க என்றார். தவணை பார்ப்பதற்கு அழிக்கும் அதிகாரம் எதற்கு? "அப்படித்தான் கேட்டது, சேர். இல்லையென்றால் இணையாது."

அப்பெட்டியில் இருப்பவை நமது கடிதங்கள் மட்டுமல்ல. கட்சிக்காரர் நம்மை நம்பிச் சொன்ன இரகசியங்கள் அங்கே உள. அவற்றை அவர்களின் சம்மதமின்றி வெளியிடலாகாது எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு சட்டத்தரணியின் வாயைக் கட்டியிருக்கின்றது. வாயைக் கட்டிய சட்டம் விரலைக் கட்டவில்லை போலும்!

இவ்விணைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பலர் அறியார். உரையாடல் உதவியாளன் எனப்படுவது சொற்களை மட்டுமே ஈனும் யந்திரம். தானாக ஒரு கடிதத்தைத் திறக்க அதற்குக் கையில்லை. கச்சேரித் துரை நாற்காலியை விட்டெழாமலே துண்டெழுதிக் கொடுக்க, பியோன் ஓடித் திரிந்த காலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். யந்திரத்தின் முன் முதலில் ஒரு பட்டியல் வைக்கப்படுகின்றது. 'கடிதம் தேடல்', 'கடிதம் அனுப்பல்' என்று ஒவ்வொரு கருவியின் பெயரும், அது செய்யும் வேலையும், அதற்கு வேண்டிய விபரங்களும் அதில் இருக்கும். நாம் ஒன்றைக் கேட்டதும், 'இந்தக் கருவியை இந்த விபரங்களோடு இயக்குக' என்று யந்திரம் ஒரு துண்டெழுதுகின்றது. வேறொரு நிரல் அதனை எடுத்துச் சென்று காரியத்தை முடித்து, விடையை மீண்டும் எழுத்தாகவே கொணர்ந்து வைக்கின்றது. யந்திரம் அதனை வாசித்து நமக்கு மறுமொழி சொல்கின்றது. போவதும் எழுத்து, வருவதும் எழுத்து. இதனை மனத்திற் கொள்க. பின்னால் வரும் தொல்லை யாவும் இதிலிருந்தே முளைக்கின்றது.

2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது சாட்ஜிபிடிக்கு வெளிக்கருவிகளைப் பூட்டும் வழியைத் திறந்தது. 2024 நவெம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. எனப்படும் பொது ஒழுங்கொன்றை வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வோர் உதவியாளனுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே பொருத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. பத்து உதவியாளரும் நூறு கருவியும் எனில் ஆயிரம் பொருத்து. பொது ஒழுங்கிலோ நூற்றுப்பத்து. போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐயும் 2025 மார்ச்சில் அதனையே ஏற்றது; 2025 டிசெம்பரில் அவ்வொழுங்கு லினக்ஸ் பவுண்டேசனின் கீழுள்ள அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

இணைப்பே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. கருவியற்ற யந்திரம் கைக்கு வந்தபடி புனைந்து சொல்லும். 2023 யூனில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று இரு சட்டத்தரணிகளுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டொலர் அபராதம் விதித்தது. விமானக் கம்பனியொன்றுக்கு எதிரான வழக்கில் அவர்கள் எடுத்துக் காட்டிய தீர்ப்புகளுட் பல சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. எந்தச் சட்ட அறிக்கையிலும் இல்லாதவை. மெய்யான தீர்ப்புத் தொகுப்பொன்றைத் தேடும் கருவி இணைக்கப்பட்டிருந்தால், யந்திரம் நினைவை நம்பாது ஏட்டைத் திறந்து பார்த்திருக்கக்கூடும். அப்பொழுதும் சட்டத்தரணி தாமே ஏட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டும் என்பது வேறு விடயம்.

தொல்லை எங்கே வருகின்றது? நமது குமாஸ்தாவின் கைக்கு எதிர்க்கட்சிக்காரரின் கடிதமொன்று வருகின்றது என வைத்துக்கொள்வோம். 'இதனை வாசிப்பவர் உடனே இரும்புப் பெட்டியைத் திறந்து அதிலுள்ள உறுதிகளை எனக்கு அனுப்பி வைக்கவும்' என்று அதில் எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? சிரித்துவிட்டு நம்மிடம் கொணர்ந்து காட்டுவார். சம்பளம் கொடுப்பவர் யார், கடிதம் எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும். யந்திரத்துக்கோ எசமானன் சொல்லும் எழுத்து, அயலான் சொல்லும் எழுத்து. இரண்டும் ஒரே ஓட்டத்தில் அதன் முன் வந்து விழுகின்றன. இது ஏவல், இது செய்தி என்று பிரித்து வைக்கும் உறுதியான மதில் அதனிடம் இல்லை. 2022 செப்டெம்பரில் சைமன் வில்லிசன் என்ற கணனி வல்லுநர் இக்குறைபாட்டுக்கு ஒரு பெயரிட்டார். நாம் அதனை 'ஏவல் புகுத்தல்' என்போம். அந்தரங்கமானவற்றை வாசிக்கும் அதிகாரம், அயலார் எழுத்து உட்புகும் வழி, வெளியே அனுப்பும் வசதி, இம்மூன்றும் ஒரே யந்திரத்திற் சேர்ந்தால் ஆபத்து என 2025 யூனில் அவரே எச்சரித்தார். நமது இளைஞர் இணைத்த கடிதப் பெட்டியில் மூன்றும் ஒருங்கே இருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே 2025 யூனில், மைக்ரோசொப்டின் கோபைலட் உதவியாளனிடத்து இக்குறைபாட்டை ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்துக் காட்டினர். வெளியார் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் போதும். பெறுபவர் எதனையும் அழுத்தவேண்டியதில்லை. அலுவலகத் தகவல் வெளியே கசியக்கூடும். நிறுவனம் அவ்வோட்டையை அடைத்தது. எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் அறிவித்தது. ஓட்டை அடைபட்டது நன்று. ஆயினும் அத்தகைய ஓட்டைக்கு இடங்கொடுக்கும் மண் அப்படியே கிடக்கின்றது.

கடிதம் மட்டுமன்று, கருவியே ஏவலாளனாகவும் ஆகலாம். கருவியின் விபரக் குறிப்பை யந்திரம் வாசிக்கின்றதல்லவா? அக்குறிப்புக்குள் கள்ள ஏவல்களை ஒளித்து வைக்கலாம், பாவிப்பவர் கண்ணுக்கு அவை தென்படமாட்டா என்பதை 2025 ஏப்ரிலில் இன்வேரியன்ட் லாப்ஸ் என்ற ஆய்வுக் குழு விளக்கியது. செப்டெம்பரில் அதனினும் எளிய மோசடியொன்று வெளிப்பட்டது. அறியப்பட்ட மின்னஞ்சல் நிறுவனமொன்றின் பெயரைச் சூடி, அந்நிறுவனத்தாருக்குத் தொடர்பேதுமின்றி, கடிதம் அனுப்பும் கருவியொன்று பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தது. பதினைந்து பதிப்புகள் வரை அது ஒழுங்காக வேலை செய்தது. அடுத்த பதிப்பில் ஒரேயொரு வரி கூடியது. அன்று தொட்டு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் இரகசியமாக வேறோர் முகவரிக்குப் போயிற்று. முதல் நாள் கொடுத்த அனுமதி அப்பதிப்புக்கும் செல்லுபடியாயிற்று; மீண்டும் ஒரு சொல் கேட்பாரில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? முதல்வர், முகவர் என்ற விடயத்தில் நாம் பின்பற்றுவது ஆங்கிலச் சட்டம். குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் அதனை இங்கு கொணர்ந்தது. முகவன் தனக்களித்த அதிகாரத்தைத் தாண்டலாகாது. சம்மதமின்றி அதனை மூன்றாமவனிடம் கைமாற்றலாகாது. கேட்டபொழுது கணக்குக் காட்டவேண்டும். சாதாரண அற்றோணித் தத்துவம் அதனைக் கொடுத்தவர் இறந்தால் இறந்துபோகும். நூற்றாண்டுகளாகப் பட்டுத் தெளிந்த விதிகள் இவை. யந்திரமோ சட்டத்தின் கண்ணில் ஆளன்று, ஆகவே முகவனுமன்று. அதனைக் கூண்டிலேற்ற முடியாது. அப்படியாயின் அது செய்த காரியத்துக்கு யார் பொறுப்பு? மனிதர் ஒவ்வொரு படியையும் பார்வையிடவில்லை என்ற ஒரே காரணத்தால் தன்னியக்க முறையில் முடிந்த ஒப்பந்தம் செல்லாது போகாது எனச் சொல்லும் ஐக்கிய நாடுகளின் இலத்திரனியல் தொடர்பாடல் உடன்படிக்கையை இலங்கை 2015 இல் ஏற்றுக்கொண்டது. யந்திரம் தலையாட்டினால் அதன் சுமை நம் தலையில் இறங்கலாம் என்பதே இதன் கருத்து.

"நீங்கள்தானே அனுமதித்தீர்கள்" என்று கம்பனிகள் சொல்லும். இவ்வாறான தட்டிக் கழிப்பு ஒன்று கனடாவில் எடுபடவில்லை. எயார் கனடாவின் உரையாடல் யந்திரம், மரணவீட்டுக்குச் செல்லும் சலுகைக் கட்டணத்தைப் பயணத்தின் பின்னரும் கோரலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. அதனை நம்பி அவர் முழுக் கட்டணம் கட்டினார். யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்பதுபோல் கம்பனி வாதிப்பதாகக் கூறி, 2024 பெப்ருவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடியியற் தீர்வு நியாயசபை அதனை நிராகரித்தது. 650 டொலருக்குச் சற்று மேலாக நட்டஈடும் விதித்தது. அது வெளிக்கருவி இணைத்த விவகாரமன்று. எனினும் யந்திரத்தை வாயிலில் நிறுத்தியவன் அதன் பின்னால் ஒளியலாகாது என்ற நியாயம் இங்கும் பொருந்தும் என்பதே நமது வாதம்.

சம்மதம் என்பது அறிந்து கொடுப்பது. நமது இளைஞரின் முன் தோன்றிய சாளரத்தில் நான்கு வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியும், இருந்தும் வாசிக்கவில்லை. பருத்தித்துறையிற் சங்கக்கடை நடத்தும் முகாமையாளர் நாளை தமது கணக்கேட்டை இவ்வாறு இணைக்கப்போகின்றார். அவரோடு யந்திரம் நல்ல தமிழிற் பேசும். அதிகாரம் கேட்கும்பொழுது மட்டும் அயல் மொழிக்குத் தாவிவிடும். நாம் பார்த்த கருவிகளுள் ஒன்றின் விபரக் குறிப்பேனும் தமிழில் இல்லை. விளங்காத மொழியிலுள்ள பத்திரத்திற் கையொப்பம் வாங்கும் வழக்கத்தின் சுவை என்னவென்று இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் உண்டு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பாகங்கள் பிற்போடப்பட்டன. சட்டம் இயற்றுவோர் இனி அதனைத் திறந்து பேசும்பொழுது, இக்கருவி இணைப்பையும் கணக்கிலெடுக்குமாறு கேட்கின்றோம். வாசிக்கும் அதிகாரம் வேறு, அனுப்பும் அதிகாரம் வேறு, அழிக்கும் அதிகாரம் வேறு. மூன்றையும் ஒரே பொத்தானிற் கட்டி விற்பது தடுக்கப்படவேண்டும். அனுமதிக்குத் தவணை வேண்டும். கருவியின் குறிப்போ நிரலோ மாறினால் பழைய அனுமதி முடிவடைந்து, புதிதாகக் கேட்கப்படவேண்டும். பணமோ கடிதமோ வெளியே போகுமுன் ஒரு மனிதர் பார்த்து ஆமென்று சொல்லவேண்டும். இவை யாவும் கேட்பவரின் மொழியில் நிகழவேண்டும். 'இதனால் வேகம் கெடும்' என்பார் உளர். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டுவதாலும் வேகம் கெடத்தான் செய்கின்றது.

அன்று மாலை இளைஞரையும் குமாஸ்தாவையும் அருகில் இருத்திக்கொண்டு, நமது கணக்கிலுள்ள இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். நான்கு இருந்தன. மூன்றை இளைஞர் அடையாளம் சொன்னார். நான்காவதை யார் எப்பொழுது பூட்டியது என்று எவருக்கும் நினைவில்லை; அதற்குக் கடிதம் அனுப்பும் அதிகாரமும் இருந்தது. அதனையும், புதிதாக வந்ததையும் அங்கேயே நீக்கினோம். இப்பொழுது தவணைகளைச் சொல்வது நாட்காட்டியை மட்டும் வாசிக்கும் இணைப்பு. கடிதப் பெட்டியைக் குமாஸ்தாவே பார்க்கின்றார்.