குப்பைப் பணி மாநகராட்சியின் பணி

2025 ஆகஸ்ட் 1 முதல் 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தும் வரை, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை நடைபாதையில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது ஒன்றும் பெரிய சலுகை இல்லை. எங்களைத் தனியாரிடம் தள்ளாதீர்கள், பணி நிரந்தரம் செய்யுங்கள் என்றார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனதால், கைக்கு வரும் சம்பளம் குறைகிறது. வருடக்கணக்காக உழைத்ததற்கும் கணக்கில்லை. பெரும்பாலோர் தலித் பெண்கள். கொரோனாவில் நாம் கதவடைத்துக் கிடந்தபோது, நம் வீட்டு முகக்கவசங்களையும் சேர்த்து அள்ளியவர்கள். தனியார்மயம் சிக்கனமாம். இவர்கள் கூலியில் பிடிப்பதற்கா அந்தப் பெயர்? தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரை விடாமல் துரத்துகிறோமே, இதற்கும் போய் நிற்போம். ஒப்பந்தத்தை ரத்து செய்து, மாநகராட்சியே இவர்களை நேரடியாக நியமிக்கட்டும்.